கேரவனுக்கு சாட்டிலைட் டிஷ்: பிரிட்டன் சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள், டிவிக்கு என ஒதுக்கும் பணத்தைப் பெரும்பாலும் தவறான பொருளில் போடுகிறார்கள். கூரையில் தானாக எழுந்து, தானாகத் திரும்பி, தானாகவே செயற்கைக்கோளைக் கண்டுபிடிக்கும் டிஷ்ஷுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுக்கத் தயங்குவதில்லை. முகாம் தளத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடத்தின் தென்கிழக்கில் வளர்ந்த ஓக் மரம் ஒன்று நின்றால் அத்தனை பணமும் கூரையில் சும்மா கிடக்கும். அடுத்த கேரவன்காரர் நூறு பவுண்டு அளவில் வாங்கிய முக்காலி டிஷ்ஷைப் புல்தரையில் நாலு எட்டு தள்ளி வைத்துவிட்டு நிம்மதியாகச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வழிகாட்டி முழுவதையும் அந்த ஓக் மரத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. முதலில், டிஷ் வேண்டுமா?

கடைக்குப் போவதற்கு முன் கேரவனின் கூரையைப் பாருங்கள். பெய்லி, ஸ்விஃப்ட், கோச்மன், எல்டிஸ் என்று எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் சமீபத்திய மாடல்களில் டிவி ஆன்டெனா ஒன்று பொதுவாகப் பொருத்தப்பட்டே வருகிறது. தரைவழி ஒளிபரப்பான ஃப்ரீவியூவுக்கு அது போதும். லண்டனைச் சுற்றி கிரிஸ்டல் பேலஸ், மிட்லண்ட்ஸில் சட்டன் கோல்டுஃபீல்டு, வடமேற்கில் வின்டர் ஹில், யார்க்‌ஷயரில் எம்லி மூர் ஆகிய பெரிய கோபுரங்களின் வீச்சுக்குள் தங்குகிறவர்கள் டிஷ் வாங்காமலேயே இருந்துவிடலாம்.

சிக்கல் மலைப்பகுதிகளில் தொடங்குகிறது. வேல்ஸின் பள்ளத்தாக்குகள், லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் போன்ற இடங்களில் பெரிய கோபுரத்தின் சிக்னல் எட்டாது. அந்த வட்டாரத்துக்கென நிறுவிய சிறு துணைக் கோபுரத்தைத்தான் நம்ப வேண்டும். துணைக் கோபுரங்கள் பலவற்றில் எல்லாச் சேனல்களும் வருவதில்லை, முக்கியமான சில தொகுப்புகள் மட்டுமே வரும். பெரிய கோபுரங்கள் பெரும்பாலும் கிடைமட்டமாகவும் துணைக் கோபுரங்கள் பெரும்பாலும் செங்குத்தாகவும் அலையை அனுப்புவதால், ஆன்டெனாவையும் அதற்கேற்பச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் “ஆன்டெனா கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டி டிஷ் வாங்கப் போனவர்கள் உண்டு. கூரை ஆன்டெனாவைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் பார்த்துவிட்டு அதன்பின் பணப்பையைத் திறப்பது நல்லது.

மூன்றாவது வழி இணையம். பிரிட்டனுக்குள் நல்ல 4ஜி கிடைக்கும் இடங்களில் பிபிசி ஐபிளேயர் போன்றவை மொபைல் இணையத்திலேயே ஓடும். 2024இல் தொடங்கிய ஃப்ரீலி, நேரலைச் சேனல்களையும் இணையம் வழியாகவே தருகிறது. தமிழ் நிகழ்ச்சிகள் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இணையமே வழி. அதற்காக டிஷ்ஷில் பணம் போட வேண்டாம். முகாம் தளங்களின் வைஃபையை மட்டும் நம்பாதீர்கள். மழை பெய்யும் மாலையில் தளம் முழுவதும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆக, டிஷ் யாருக்கு? கோபுர சிக்னலும் மொபைல் சிக்னலும் சேர்ந்து கைவிடும் ஊர்களுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு. எந்த ஊரில் நிறுத்தினாலும் அதே சேனல் பட்டியல் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. வீட்டுக்கு எடுத்திருக்கும் டிவி உரிமம் இழுத்துச் செல்லும் கேரவனுக்கும் செல்லும் என்பதால் அதற்குத் தனிச் செலவு இல்லை.

2. எந்தச் செயற்கைக்கோள், எங்கே நிற்கிறது

பிரிட்டிஷ் சேனல்கள் எல்லாம் கிழக்கு 28.2 டிகிரி தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் ஆஸ்ட்ரா 2இ, 2எஃப், 2ஜி ஆகிய செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன. 2008இல் தொடங்கிய கட்டணமில்லாச் சேவையான ஃப்ரீசாட்டுக்கும், கட்டணச் சேவையான ஸ்கைக்கும் இதுவே இடம். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் அவை இருந்தாலும், பிரிட்டன் வெகு வடக்கே இருப்பதால் இங்கிருந்து பார்க்கும்போது தலைக்கு மேலே தெரியாது. அடிவானத்துக்குச் சற்று மேலே, தென்கிழக்குப் பக்கம் தாழ்வாக நிற்கும்.

லண்டனில் திசைக் கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 145 டிகிரி, உயரக் கோணம் 25 டிகிரி. கார்ன்வாலின் பென்சான்ஸில் 139 டிகிரி திசையில் 24 டிகிரி உயரம். எடின்பரோவில் 144 டிகிரி திசை, உயரம் 20. இன்வர்னெஸில் உயரம் 19 டிகிரிக்கு இறங்கிவிடும். ஷெட்லாந்தின் லெர்விக்கில் 17. வடக்கே போகப் போகச் செயற்கைக்கோள் தாழ்ந்துகொண்டே போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஷ் வாங்குவதிலும் கேரவனை நிறுத்துவதிலும் பாதி முடிவுகள் இந்த எண்களிலிருந்தே பிறக்கின்றன.

பத்து மீட்டர் உயர மரம் ஒன்று தென்கிழக்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி கோணத்தில் அதன் உச்சிக்கு மேலாகப் பார்க்க வேண்டுமானால் டிஷ் குறைந்தது 21 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எடின்பரோவில் அதே மரத்துக்கு 27 மீட்டருக்கு மேல் வேண்டும், இன்வர்னெஸில் 29. தெற்கு இங்கிலாந்தில் மர உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், ஸ்காட்லாந்தில் மூன்று மடங்கு என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும். இலை உதிர்ந்த மரத்தின் வழியாகப் பிப்ரவரியில் படம் வந்தது என்பதற்காக ஜூனிலும் வரும் என்று நம்ப முடியாது. ஈரமான இலை இந்த அலைவரிசையைக் குடித்துவிடும்.

அளவுகோல் எதுவும் இல்லாமல் கோணத்தைக் கணிக்க உங்கள் கையே போதும். கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டரை முஷ்டி வைத்தால் தெற்கு இங்கிலாந்தில் செயற்கைக்கோளின் உயரம். ஸ்காட்லாந்தில் இரண்டு முஷ்டி.

திசைக்குச் சூரியன் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, பிரிட்டிஷ் கோடை நேரப்படி காலை 11 மணிக்கும் 11.45க்கும் இடையே சூரியன் ஆஸ்ட்ரா நிற்கும் திசையைக் கடந்து போகும். ஜூன் மாதத்தில் 11.45ஐ ஒட்டி, செப்டம்பர் கடைசியில் 11ஐ ஒட்டி. கோடையில் சூரியன் மிக உயரத்தில் இருக்கும், ஆகவே அது காட்டுவது திசையை மட்டுமே. அந்த நேரத்தில் குச்சி ஒன்றைத் தரையில் நட்டால் அதன் நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிரே டிஷ் பார்க்க வேண்டும். முகாம் தளத்துக்கு முற்பகலில் போய்ச் சேரும் வழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட எளிய கருவி கிடையாது.

3. டிஷ்ஷின் அளவு

தெற்கு, மத்திய இங்கிலாந்தில் 40 சென்டிமீட்டர் டிஷ்ஷிலேயே படம் வந்துவிடும். வீடுகளின் சுவரில் ஸ்கை பொருத்தும் சிறு டிஷ் ஏறக்குறைய அந்த அளவுதான். வடக்கு ஸ்காட்லாந்து போன்ற பகுதிகளில் அதே நிறுவனம் 60 சென்டிமீட்டரை ஒட்டிய பெரிய டிஷ்ஷை மாட்டுகிறது. கேரவனுக்கு நான் சொல்வது 55 முதல் 65 வரை. மழை மேகம் தடிமனாக வரும்போது படம் கட்டம் கட்டமாக உடையாமல் இருக்க இந்தக் கூடுதல் அகலம் கை கொடுக்கும். அதற்கு மேல் போனால் காற்றுதான் எதிரி. டிஷ் பெரிதாக ஆக அதன் பார்வையும் குறுகும்: 60 சென்டிமீட்டர் டிஷ் ஏறக்குறைய மூன்று டிகிரி அகலத்தைப் பார்க்கிறது, 80 சென்டிமீட்டர் இரண்டு டிகிரியைச் சற்றே தாண்டும். அதாவது பெரிய டிஷ்ஷைத் திருப்பிச் சரிசெய்வது கூடுதல் சிரமம்.

பிரிட்டனைத் தாண்டிப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. 2014இல் பிபிசி, ஐடிவி உள்ளிட்ட முக்கியச் சேனல்கள் பிரிட்டனை மட்டும் குறிவைக்கும் குறுகிய கற்றைக்கு மாற்றப்பட்டன. வடக்கு பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து வரை 60 முதல் 80 சென்டிமீட்டரில் சமாளிக்கலாம். தெற்கு பிரான்ஸையும் ஸ்பெயினையும் எட்ட வேண்டுமானால் ஒரு மீட்டருக்கு மேல், ஸ்பெயின் கடற்கரையில் அதைவிடப் பெரியது தேவைப்படும். அதைக் கேரவனில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. “ஐரோப்பா முழுவதும் வேலை செய்யும்” என்று பெட்டியில் அச்சடித்திருப்பது பொய்யில்லை, ஆனால் ஸ்பெயினில் அது பிடிப்பது ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியச் சேனல்களைத்தான். குளிர்காலத்தை ஸ்பெயினில் கழிக்கத் திட்டமிடுகிறவர்கள் பிரிட்டிஷ் டிவிக்கு டிஷ் வழியை மறந்துவிடுவதே மேல்.

4. எந்த வகை டிஷ்

முக்காலி மேல் நிற்கும் கையால் திருப்பும் டிஷ்தான் என் தேர்வு. மேக்ஸ்வியூ போன்ற நிறுவனங்கள் டிஷ், முக்காலி, கேபிள், திசைகாட்டி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு விற்கின்றன. மரமோ, பக்கத்து மோட்டார்ஹோமோ (தன் எஞ்சினிலேயே ஓடும் வீட்டு வண்டி) மறைத்தால் கேபிளின் நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம். முதல் இரண்டு மூன்று முறை எரிச்சல் தரும், பிறகு கை பழகிவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை மிகக் குறைவு: உயரக் கோணத்துக்கான அளவுக்கோடுகள் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், முக்காலியின் கால்கள் தனித்தனியாக நீள வேண்டும், ஏனென்றால் புல்தரை எதுவும் சமமாக இருப்பதில்லை, திருகுகள் கையாலேயே இறுக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். ஸ்பேனர் கேட்கும் டிஷ்ஷை மழையில் சரிசெய்து பாருங்கள், காரணம் புரியும்.

தட்டையான பலகை வடிவ டிஷ்கள் உண்டு. செல்ஃப்சாட் இவற்றுக்குப் பேர்போனது. நீட்டிக்கொண்டிருக்கும் கை கிடையாது, கட்டிலுக்கு அடியில் செருகி வைக்கலாம், காற்றுக்கு அவ்வளவாக அசையாது. இடம் குறைவாக உள்ள சிறு கேரவனுக்கு நல்லது. பரப்பளவு சிறியது என்பதால் ஸ்காட்லாந்தின் வடகோடியில் தடுமாறும்.

தானியங்கி டோம் என்பது பிளாஸ்டிக் கூட்டுக்குள் தானாகச் சுழலும் டிஷ். தரையில் வைத்து, கேபிள் செருகி, பொத்தானை அழுத்தினால் ஓரிரு நிமிடத்தில் படம். முதுகுவலிக்காரர்களுக்கும், இருட்டிய பிறகே போய்ச் சேருகிறவர்களுக்கும் இது நியாயமான செலவு. உள்ளே இருக்கும் டிஷ் சிறியது என்பதையும், கூட்டின் மேல் மழை நீர் தேங்கினால் சிக்னல் குறையும் என்பதையும் விற்பவர் உங்களிடம் சொல்ல மாட்டார். டோம் வாங்குவதானால் கூரையில் பொருத்தாமல் தரையில் வைக்கும் ரகத்தையே வாங்குங்கள். முக்காலிக்கு இருக்கும் சுதந்திரம் அதற்கும் கிடைக்கும்.

இனி, கூரையில் நிரந்தரமாகப் பொருத்தும் தானியங்கி டிஷ். ஜெர்மனியின் ஆய்ஸ்டர், காத்ரைன் முதலிய பெயர்கள் இந்த வரிசையில் வரும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான பொருள்கள். தினம் ஒரு ஊரில் நிற்கும் மோட்டார்ஹோமுக்கு இது பொருந்தும் என்பதை மறுக்க மாட்டேன். கேரவன் அப்படியில்லை, ஒரே இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் நிற்கிறது. ஒருமுறை பத்து நிமிடம் செலவழித்து டிஷ்ஷைத் திருப்பினால் அந்த வாரம் முழுவதற்கும் போதும் எனும்போது, அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த இவ்வளவு பணமா? மூன்று காரணங்கள் இன்னும் உண்டு. கேரவனின் எடை வரம்பில் உங்கள் சாமான்களுக்கென மிஞ்சுவது பெரும்பாலும் 150 கிலோவை ஒட்டித்தான்; கூரை டிஷ் அதில் பத்து கிலோவுக்கு மேல் தின்னும், அதுவும் வண்டியின் மிக உயரமான இடத்தில். கூரையில் துளையிட்டால் நீர்க்கசிவுக்கான உற்பத்தியாளர் உத்தரவாதம் பாதிக்கப்படலாம். எழுத்தில் அனுமதி வாங்காமல் துளையிடாதீர்கள். கடைசிக் காரணம், அந்த ஓக் மரம். கூரை டிஷ்ஷுக்காக கேரவனையே நகர்த்த வேண்டும்.

கேரவனுக்குள்ளிருந்து கைப்பிடியால் சுழற்றி உயர்த்தும் கூரை டிஷ்களும் கிடைக்கின்றன. விலை குறைவு, துளையும் எடையும் மேலே சொன்னபடியே.

பணம் மிச்சம் பிடிக்க இன்னொரு வழி: வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய பழைய ஸ்கை டிஷ்ஷை முக்காலியில் மாட்டுவது. இங்கிலாந்துக்குள் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதன் முனையில் அலையை வாங்கும் சிறு கருவியான எல்என்பி எந்த ரகம் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

5. எல்என்பி: வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி

டிஷ்ஷின் கையின் நுனியில் இருக்கும் சிறு உருளைதான் எல்என்பி. டிஷ் குவிக்கும் அலையை வாங்கி, கேபிளில் போகக்கூடிய அலைவரிசைக்கு இறக்கி அனுப்புகிறது. கேரவனுக்கு வேண்டியது ‘யுனிவர்சல்’ எல்என்பி. ஸ்கை க்யூ பாக்ஸுக்காகப் பொருத்தப்படும் ‘வைட்பேண்ட்’ எல்என்பி வேறு வகை. சாதாரண சாட்டிலைட் டிவியையோ பழைய ஃப்ரீசாட் பாக்ஸையோ அதில் செருகினால் ஒன்றும் வராது. இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும் என்பதால் பழைய டிஷ் வாங்கி ஏமாறுவது இங்கேதான். வீட்டு ஸ்கை க்யூ பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் யுனிவர்சல் எல்என்பியில் செருகினாலும் இதே கதி.

யுனிவர்சல் எல்என்பியின் வேலை முறையைத் தெரிந்துகொள்வது பிறகு பழுது பார்க்க உதவும். பாக்ஸ் கேபிள் வழியாக 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி செங்குத்து அலைகளைப் பிடிக்கும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலைகளை. கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் சைகை போனால் அலைவரிசைகளின் மேல் பட்டைக்கு மாறும். ஆகவே டிஷ்ஷுக்கு மின்சாரம் கொடுப்பது பாக்ஸோ டிவியோதான், அதுவும் அதே கேபிளில்.

ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு வாய் உள்ள எல்என்பியும் இரண்டு கேபிளும் தேவை. விடுமுறையில் அது எதற்கு என்பது என் எண்ணம்.

6. டிவியும் பாக்ஸும்

டிவியிலேயே சாட்டிலைட் டியூனர் இருந்தால் தனி பாக்ஸ் வேண்டாம். கேரவனுக்கென்றே அவ்டெக்ஸ் முதலிய நிறுவனங்கள் தயாரிக்கும் 12 வோல்ட் டிவிகளில் பல இப்படி வருகின்றன. பெட்டியில் ‘டிவிபி-எஸ்2’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘டிவிபி-எஸ்’ என்றால் பழைய ரகம், எச்டி எனும் உயர்தெளிவு ஒளிபரப்பைப் பிடிக்காது. 2024 தொடக்கத்தில் பிபிசி தன் எஸ்டி (சாதாரணத் தெளிவு) ஒளிபரப்புகளைச் செயற்கைக்கோளிலிருந்து நீக்கியதால் எச்டி பிடிக்காத பழைய பாக்ஸை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குவதில் பயனில்லை.

ஃப்ரீசாட் முத்திரை உள்ள கருவி என்றால் சேனல்கள் ஒழுங்காக எண்ணிட்டு வரும், ஏழு நாள் நிகழ்ச்சிப் பட்டியலும் கிடைக்கும். முத்திரையில்லாத சாட்டிலைட் டியூனரில் கட்டணமில்லாச் சேனல்கள் அதேபோல் வரும். ஆனால் தேடி முடித்ததும் நூற்றுக்கணக்கான சேனல்கள் தாறுமாறான வரிசையில் கொட்டும். மழை பெய்யும் ஒரு மதியம் உட்கார்ந்து வேண்டியதைப் பிடித்தவை பட்டியலில் போட்டுவிட்டால் தீர்ந்தது.

வீட்டு டிவியைக் கேரவனின் 12 வோல்ட் இணைப்பில் செருகுவது ஆபத்து. பேட்டரி சார்ஜ் ஆகும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் டிவிகளே கேரவனுக்கு உரியவை. தளத்தின் 230 வோல்ட் இணைப்பு எப்போதும் உண்டு என்றால் வீட்டு டிவியும் சரிதான். மின் இணைப்பு இல்லாத வயல்வெளித் தளங்களில் 24 அங்குல 12 வோல்ட் டிவி இரண்டு, மூன்று ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியை மட்டுமே பயன்படுத்தலாம் என்று கொண்டாலும், விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போக ஒன்றிரண்டு மாலைக்கு வரும்.

7. கேபிள்

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரட்டைக் கவசம் உள்ள சாட்டிலைட் கேபிளாக, குறைந்தது பத்து மீட்டர். மரத்தைச் சுற்றிப் போக வேண்டுமே. இருபது மீட்டர் வரை தரமான கேபிளில் இழப்பு பெரிதாகத் தெரியாது. இரு முனைகளிலும் எஃப் வகை இணைப்பான்கள், முறுக்கிச் செருகுவதாக இல்லாமல் அழுத்திப் பொருத்தியவையாக இருக்கட்டும்.

பல கேரவன்களின் வெளிச்சுவரில் சாட்டிலைட் கேபிளுக்கான துளை, மூடியோடு இருக்கும். உள்ளே டிவி அலமாரியில் அதன் மறுமுனை. பக்கத்திலேயே ஆன்டெனாவுக்கான துளையும் இருக்கும், அங்கேதான் குழப்பம். ஆன்டெனாவின் கம்பி, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வழியாகப் போகிறது; அதில் டிஷ்ஷைச் செருகினால் எல்என்பிக்கு மின்சாரமே போகாது, எவ்வளவு திருப்பினாலும் படம் வராது. பழைய கேரவனின் உள் கம்பி மீது சந்தேகம் இருந்தால் ஜன்னல் வழியாக கேபிளை நேராக டிவிக்குக் கொண்டுவந்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஜன்னலை இறுக மூடிக் கேபிளை நசுக்காமல் முதல் நிலையில் பூட்டினால் போதும்.

8. தளத்தில் டிஷ்ஷை நிறுத்துவது

இடத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் கேரவனைக் கழற்றுவதற்கு முன்பே தென்கிழக்கைப் பாருங்கள். போனில் செயற்கைக்கோளின் திசையை கேமரா வழியாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. திசைகாட்டி என்றால் வண்டிகளின் இரும்பிலிருந்து சில எட்டு விலகி நின்று பாருங்கள். பிரிட்டனில் இப்போது காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசமில்லை, திருத்தக் கணக்கு தேவைப்படாது. பக்கத்து கேரவனைப் பற்றிக் கவலை வேண்டாம். தளங்களில் வண்டிகளுக்கு இடையே ஆறு மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். டிஷ்ஷும் முக்காலி மேல் சற்று உயரத்தில் நிற்பதால், வழக்கமான உயரமுள்ள கேரவனுக்கு மேலாகப் பார்க்கத் தெற்கில் நாலரை மீட்டரும் ஸ்காட்லாந்தில் ஆறு மீட்டரும் போதும்.

முக்காலியை நிறுத்தி அதன் தண்டு நிமிர்ந்து நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். தண்டு சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் பொறித்த உயரக் கோணத்துக்குப் பொருளே இல்லை. டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்பும்போது உயரமும் சேர்ந்து மாறிக்கொண்டே போகும். நிமிர்ந்த தண்டு இருந்தால் உயரத்தை ஒருமுறை வைத்துவிட்டு இடவலத்தை மட்டும் தேடினால் போதும்.

பிறகு உயரக் கோணத்தை அந்த ஊருக்கான எண்ணில் வையுங்கள். வைத்தபின் டிஷ்ஷைப் பார்த்தால் அது ஏறக்குறைய செங்குத்தாக, ஏதோ எதிர் வேலியைப் பார்ப்பதுபோல நிற்கும். பயப்படாதீர்கள். இந்த டிஷ்களின் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தட்டின் முகம் காட்டுவதைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்தில்தான் டிஷ் உண்மையில் பார்க்கிறது. டிஷ்ஷை வானத்தை நோக்கி அண்ணாந்து வைத்துவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் ஒவ்வொரு தளத்திலும் ஒருவராவது இருப்பார்கள்.

எல்என்பியை அதன் பிடிக்குள் சற்றே சுழற்றி வைக்க வேண்டும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது டிஷ்ஷுடன் வந்த தாளில் 28.2 டிகிரிக்கு எனக் குறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டனுக்குள் ஒருமுறை வைத்ததை ஊருக்கு ஊர் மாற்ற வேண்டியதில்லை.

கேபிளைச் செருகிய பிறகே டிவியை இயக்குங்கள். டிவியின் மெனுவில் சிக்னல் சோதனைப் பக்கத்தைத் திறந்து, ஒலி காட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். தென்கிழக்கை நோக்கிய டிஷ்ஷை இடமிருந்து வலமாக மிக மெதுவாகத் திருப்புங்கள். விரற்கடை அளவு திருப்பி, மூன்று நொடி காத்திருந்து, மறுபடி விரற்கடை. டிஜிட்டல் டியூனருக்கு யோசிக்க நேரம் வேண்டும். அவசரப்பட்டால் சரியான இடத்தைத் தாண்டிப் போனதே தெரியாது.

சிக்னலைக் காட்டும் மலிவான ஊசி மீட்டர்கள் எந்தச் செயற்கைக்கோளைக் கண்டாலும் துள்ளும். எதைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. மீட்டர் துள்ளியும் பிபிசி வராவிட்டால் ஒரு தேடல் ஓடவிட்டுச் சேனல் பெயர்களைப் பாருங்கள். இசட்டிஎஃப் போன்ற ஜெர்மன் சேனல்கள் வந்தால் நீங்கள் 19.2 டிகிரியில் இருக்கிறீர்கள். தெற்கை நோக்கி நின்றபடி டிஷ்ஷைச் சுமார் பத்து டிகிரி இடப்பக்கம் திருப்பி, இரண்டு மூன்று டிகிரி தாழ்த்துங்கள். இத்தாலிய, போலந்துச் சேனல்கள் என்றால் அது 13 டிகிரி ஹாட்பேர்டு, இன்னும் அதிகமாக இடப்பக்கம் போக வேண்டும். இந்தச் செயற்கைக்கோள்களை இலக்கில்லாமல் பிடித்தாலும் நன்மை உண்டு: எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டது.

படம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ‘வலிமை’யை விட்டுவிட்டு ‘தரம்’ காட்டும் எண்ணைப் பார்த்தபடி இடவலத்தைச் சிறிது நகர்த்தி உச்சத்தைப் பிடியுங்கள், அடுத்து உயரத்தை. எல்லாத் திருகுகளையும் இறுக்கிய பின் தரம் குறைந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இறுக்கும்போது டிஷ் சற்று நகருவது சகஜம். முக்காலியின் நடுவே தண்ணீர் நிரப்பிய கேன் ஒன்றைத் தொங்கவிட்டுக் கால்களைக் கூடார ஆணிகளால் தரையோடு பிணைத்துவிட்டால் சாதாரணக் காற்றுக்கு அசையாது. புயல் எச்சரிக்கை வந்தால் எதையும் நம்பாமல் டிஷ்ஷைக் கழற்றிப் படுக்க வைத்துவிடுங்கள். கேபிள் நடைபாதையைக் கடக்காமல் பார்த்துக்கொள்வது அக்கம்பக்கத்தாரின் கணுக்காலுக்கு நல்லது.

9. படம் வரவில்லை என்றால்

எந்தப் பக்கம் திருப்பினாலும் மீட்டர் அசையவே இல்லை என்றால் டிஷ்ஷை விட்டுவிட்டு கேபிளைப் பாருங்கள். இணைப்பானுக்குள் கவசக் கம்பியின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், எல்என்பிக்கு மின்சாரம் நின்றுவிடும். சில கருவிகள் அதைத் திரையில் எச்சரிக்கையாகவே காட்டும். கருவியின் மெனுவில் எல்என்பி மின்சாரம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதிச் சேனல்கள் மட்டும் வந்தால் 18 வோல்ட் அல்லது மேல் பட்டை வேலை செய்யவில்லை என்று பொருள். மிக நீளமான, மட்டமான கேபிளோ, நீர் புகுந்த எல்என்பியோ காரணமாக இருக்கும். எல்என்பியின் சுழற்சி தவறாக இருந்தாலும் சில சேனல்கள் மட்டும் திணறும்.

நேற்று நன்றாக வந்தது, இன்று மழையில் போய்விட்டது என்றால் டிஷ் உச்சத்தில் நிறுத்தப்படவில்லை. நன்றாகச் சரிசெய்த 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் கடும் இடிமழை நேரத்தில் மட்டும் சில நிமிடங்கள் படம் போகும். சாதாரணத் தூறலுக்கே போனால் மறுபடி திருப்பத்தான் வேண்டும். மாலையில் வந்து காலையில் மறையும் படத்துக்குப் பெரும்பாலும் முக்காலி மண்ணில் இறங்கியதே காரணம்.

10. எவ்வளவு செலவழிக்கலாம்

ஆஸ்ட்ரா 2எஃப் 2012இலும், 2இ 2013இலும், 2ஜி 2014இலும் ஏவப்பட்டன. இவற்றின் வடிவமைப்பு ஆயுள் 15 ஆண்டுகள். எரிபொருள் மிச்சமிருந்தால் அதற்கு மேலும் நீடிக்கலாம், ஆனாலும் பிரிட்டிஷ் ஒளிபரப்பு நிறுவனங்கள் இணையத்தின் பக்கம் நகர்ந்துகொண்டிருப்பது கண்கூடு. முப்பது ஆண்டு உழைக்கும் என்ற கணக்கில் இன்று ஒரு டிஷ்ஷில் பெரும் முதலீடு செய்வதில் பொருளில்லை. முக்காலி டிஷ், நல்ல கேபிள், எச்டி பிடிக்கும் டியூனர் உள்ள 12 வோல்ட் டிவி என்று வாங்கினால் தொகையில் பெரும் பங்கு டிவிக்கே போகும், அந்த டிவி ஆன்டெனாவிலும் ஓடும். கையில் இன்னும் பணம் மிஞ்சினால் எந்தச் செயற்கைக்கோள் என்று பெயர் சொல்லும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்குங்கள். பழைய டோம் விற்பனைக்கு வந்தால் அது 28.2 டிகிரியைப் பிடித்துப் படம் காட்டுவதை விற்பவரின் வாசலிலேயே, திறந்த வானத்துக்குக் கீழே, கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.